இசைவகையும் படத்தொகுப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

பாடலுக்குப் படம் அமைக்கும் கலை இன்று மாணவர் கைக்கு எட்டியுள்ளது. கமராவாகவும் தொகுப்பு மேசையாகவும் ஒரே கைத்தொலைபேசி பயன்படும் காலம் இது. பிரித்தானியாவில் உயர்தர வகுப்பில் ஊடகவியல் பயிலும் மாணவர்க்கு இசைக்காணொளியொன்றை ஆக்குவதும் ஆக்கியதை விளக்கி எழுதுவதும் செயன்முறைப் பயிற்சியாகப் பல ஆண்டுகள் விதிக்கப்பட்டு வந்தன. எடுத்துக்கொண்ட பாடலின் இசைவகைக்கு ஏற்பப் படம் தொகுக்கப்பட்டுள்ளதா என்பது இத்தகைய ஆக்கங்களை மதிப்பிடுவோர் எழுப்பும் வினாக்களுள் ஒன்றாகும். விரைந்த இசைக்கு விரைந்த வெட்டு, ஆறுதலான இசைக்கு நீண்ட காட்சி என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விடை. நம்மிடையே இக்கலையில் ஈடுபடுவோரும் இதனையே விதியாகக் கொள்வதைக் காணலாம். விதி முற்றிலும் பொய்யன்று. ஆயினும், இசைக்காணொளியின் வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து, தொகுப்பு முறையைத் தீர்மானித்தது தாளத்தின் வேகம் மட்டுமன்று என்பது புலனாகும். ஒவ்வோர் இசைவகையையும் கேட்போரிடம் பாடகரை நோக்கிய எதிர்பார்ப்பொன்று உண்டு. சில வேளைகளில் அஃது ஐயமாகவும் இருக்கும். 'இவர் மெய்யாகவே வாசிக்கிறாரா?', 'இவ்வுடல் மெய்யாகவே ஆடுகிறதா?', 'இச்சொற்களை இவர் உணர்ந்து பாடுகிறாரா?' என்பன போன்ற வினாக்கள் அவை. அவ்வவ் வினாவுக்கு விடையளிக்க முயன்றதன் விளைவாகவே அவ்வவ் இசைவகையின் தொகுப்பு மரபு உருவாயிற்று என்பது எமது கருத்து.

தொடக்கத்திலேயே சொல்லொன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு காட்சித்துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை வெட்டு என்கிறோம். அவ்வெட்டு தாள அடியின் மீதே விழலாம், அதற்குச் சற்று முன்னர் விழலாம், பின்னரும் விழலாம். நமது இசைமரபிலே பாடலின் எடுப்புப் பற்றிக் கூறுமிடத்துச் சமம், அதீதம், அநாகதம் என மூன்று வகுக்கப்பட்டுள்ளன. தாளமும் பாடலும் ஒருங்கே தொடங்குவது சமம். தாளத்துக்கு முன்னரே பாடல் தொடங்குவது அதீதம். தாளம் தொடங்கிய பின் பாடல் எழுவது அநாகதம். படத்தொகுப்பைப் பற்றிய மேனாட்டு நூல்கள் நீண்ட விளக்கங்களால் உணர்த்த முயல்வதை இம்மூன்று சொற்களும் எளிதில் உணர்த்திவிடுகின்றன. எனவே இக்கட்டுரையில் வெட்டுக்கும் இவற்றையே கையாள்கின்றோம்.

படத்தொகுப்பு என்பது ஆராய்ச்சிக்குரிய துறையாக உருப்பெற்றதில் மாணவர்க்குப் பெரும் பங்கு உண்டு. 1919இல் மொஸ்கோவில் அரச திரைப்படப் பள்ளி நிறுவப்பட்டது. புரட்சிக்குப் பிந்திய உள்நாட்டுப் போரினாலும் வெளிநாட்டுத் தடைகளினாலும் அங்கு படச்சுருள் கிடைத்தற்கரிய பொருளாயிருந்தது. லெவ் குலெஷோவ் என்னும் இளம் ஆசிரியரும் அவரது மாணவரும் படச்சுருள் இல்லாமலே 'படம்' நடித்துப் பயின்றனர். பழைய படங்களின் துண்டுகளை எடுத்து வெட்டியும் மாற்றி ஒட்டியும் பார்த்தனர். கிரிஃபித்தின் 'இன்ரொலரன்ஸ்' (1916) அவர்களால் நுணுகி ஆராயப்பட்ட படங்களுள் ஒன்று. நான்கு காலங்களில் நிகழும் நான்கு கதைகளை மாறி மாறிக் காட்டிச் செல்லும் இப்படம், வெவ்வேறு இடங்களை ஒரே இழையில் கோக்கும் இணைத்தொகுப்பின் ஆற்றலை அவர்களுக்கு உணர்த்தியது. உணர்ச்சி எதனையும் வெளிக்காட்டாத நடிகர் ஒருவரின் முகத்தருகே வெவ்வேறு காட்சிகளை ஒட்டியபோது அதே முகம் வெவ்வேறு உணர்ச்சிகளைக் காட்டுவதாகப் பார்ப்போர் கொண்டனர் என்று கூறப்படும் சோதனையும் இப்பள்ளியோடு இணைத்தே பேசப்படுகின்றது. புடோவ்கின் இங்கு மாணவராயிருந்தவர். வறுமை தந்த பயிற்சியென்று இதனைக் கூறினால் தவறில்லை. கையில் எதுவும் இல்லாதிருந்தமையால், இருப்பதை எவ்வாறு அடுக்குவது என்பதொன்றே அவர்களது சிந்தனையாயிற்று. ஒரு மாலைப் பொழுதில் இருநூறு துண்டுகளைப் படம்பிடித்துவிட்டு எதை எங்கே வைப்பதென்று திகைக்கும் இன்றைய மாணவர் நிலை இதற்கு நேர்மாறானது.

இசைக்கும் வெட்டுக்கும் உள்ள உறவை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் ஐசன்ஸ்ரைன் எனலாம். 1929இல் எழுதிய கட்டுரையொன்றில் அவர் தொகுப்பை ஐந்து வகைகளாகப் பிரித்தார். அவற்றுள் முதலாவது அளவுத் தொகுப்பு. துண்டுகளின் உள்ளடக்கத்தைப் பொருட்படுத்தாது, இசையில் மாத்திரையை அளப்பது போலத் துண்டின் நீளத்தை மட்டும் அளந்து வெட்டுவது இது. இதனை அவர் ஐந்தனுள்ளும் தாழ்ந்த படியில் வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. இரண்டாவதான லயத் தொகுப்பில் துண்டின் நீளத்தோடு சட்டத்துள் நிகழும் அசைவும் கணக்கில் எடுக்கப்படுகிறது. இதற்கு அவர் காட்டும் உதாரணம் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) படத்தில் வரும் ஒடெஸாப் படிக்கட்டுக் காட்சியாகும். படிகளில் இறங்கிவரும் படைவீரரின் காலடிகளும் வெட்டுகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒவ்வொரு தடவையும் காலடி வெட்டுக்குப் புறம்பாகவே விழுகிறது. அப்பொருந்தாமையிலிருந்தே அக்காட்சியின் அச்சம் பிறக்கிறது என்பது அவர் விளக்கம். பேசாப்பட காலத்திலேயே அநாகதத்தின் பயன் உணரப்பட்டுவிட்டது. பின்னர் 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி' (1938) படத்தில் புரொகோஃபியெவ்வுடன் இணைந்து பணியாற்றியபோது, சில பகுதிகளில் தொகுத்த படத்துக்கு இசை எழுதப்பட்டது. வேறு சில பகுதிகளில் முன்னரே ஒலிப்பதிவான இசைக்குப் படம் தொகுக்கப்பட்டது. எது முதலில், எது பின்னர் என்பதற்கு மாறாத விதி அங்கு இருக்கவில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு மரபு உருவாகிக்கொண்டிருந்தது. அங்கு நடனமே தலைமை பெற்றது. 1930களில் பிரெட் அஸ்ரேயர் நடித்த படங்களில் அவரது உடல் தலைமுதல் கால்வரை சட்டத்துள் தெரியுமாறு நீண்ட துண்டுகளாக நடனங்கள் பிடிக்கப்பட்டன. நடனத்தின் நடுவே அடிக்கடி வெட்டுவதை அவர் விரும்பவில்லை. கால்களை மட்டும் ஒரு துண்டிலும் முகத்தை இன்னொரு துண்டிலும் காட்டினால் ஆடியவர் யார் என்ற ஐயம் எழுமன்றோ? 1940 முதல் 1947 வரை மதுச்சாலைகளிலும் உணவகங்களிலும் வைக்கப்பட்ட பனோரம் என்னும் பெட்டிகள் இதற்குச் சற்று வேறான கதையைக் கூறுகின்றன. பத்துச் சதத்தை இட்டால் மூன்று நிமிடப் பாடற்படமொன்றை அவை காட்டின. 'சவுண்டீஸ்' எனப்பட்ட இப்படங்கள் எட்டு எட்டாக ஒரே சுருளில் கோக்கப்பட்டிருந்தமையால், விரும்பிய பாடலைத் தெரிவுசெய்யும் வசதி காசிட்டவருக்கு இருக்கவில்லை. மிகக் குறைந்த செலவில் விரைவாக எடுக்கப்பட்டமையின் தொகுப்பும் எளிமையாகவே அமைந்தது. டியூக் எலிங்டன், ஃபற்ஸ் வோலர் முதலான ஜாஸ் கலைஞரைக் கண்ணாற் காண்பதற்கு இப்பெட்டிகள் வாயிலாகின. கலைஞரைக் காண்பதே அங்கு வேட்கையாயிருந்தது. வெட்டு அதற்கு இடையூறு செய்யாதிருந்தாலே போதுமானதாயிற்று.

1964ஆம் ஆண்டை ஒரு திருப்புமுனையாகக் கொள்வதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு இல்லை. அவ்வாண்டில் பீற்றில்ஸ் குழுவினரைக் கொண்டு 'ஏ ஹாட் டேய்ஸ் நைற்' என்னும் படத்தை ரிச்சர்ட் லெஸ்ரர் நெறிப்படுத்தினார். லெஸ்ரர் தொலைக்காட்சி விளம்பரப் படங்களில் தேர்ச்சி பெற்றவர். படத்தில் ஓரிடத்தில் இளைஞர் நால்வரும் கட்டடமொன்றிலிருந்து தப்பி, திறந்த வெளியில் ஓடியும் துள்ளியும் விளையாடுகின்றனர். பின்னணியில் அவர்களது பாடலே ஒலிக்கிறது. ஆயின், எவரும் வாயசைக்கவில்லை. எவர் கையிலும் வாத்தியம் இல்லை. பாடுபவரைக் காட்டாமலே பாடலைக் காட்டலாம் என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. பிற்காலத்து இசைக்காணொளி இங்கிருந்தே பிறந்தது என்று கூறுவோர் பலர். ஆனால், அதே படத்தின் இறுதியில் வரும் அரங்கக் காட்சியை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அங்கு பல கமராக்கள் நிறுத்தப்பட்டு, வாத்தியத்தில் பதிந்த கைகளும், வியர்க்கும் முகங்களும், கூக்குரலிடும் இரசிகரும் மாறி மாறிக் காட்டப்படுகின்றனர். விளையாட்டு ஒரு புறம், வாசிப்பின் சான்று மறுபுறம். பொப் இசையும் ரொக் இசையும் பிற்காலத்தில் இரு வேறு தொகுப்பு மரபுகளாகப் பிரிந்தமைக்கான வித்து இவ்விரு காட்சிகளிலும் காணப்படுகின்றது.

இவ்விடத்தில் நமக்கு நன்கு பழக்கமான தமிழ்ச் சினிமாப் பாடலோடு ஒப்புநோக்குதல் பயன் தரும். 1930களின் பிற்பகுதியில் பின்னணி பாடும் முறை தமிழ்ப் படங்களில் புகுந்தது. காலப்போக்கில் பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் வேறொருவர் என்பது எல்லோரும் அறிந்து ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையாயிற்று. நடிகர் மெய்யாகவே பாடுகிறாரா என்று தமிழ் இரசிகர் எவரும் வினவுவதில்லை. எனவே நமது பாடற்காட்சிகளில் ஒரு சரணம் மலையிலும் அடுத்த சரணம் கடற்கரையிலுமாக உடைகளும் இடங்களும் மாறினாலும் எவருக்கும் குறையாகப் படுவதில்லை. சுதந்திரமானதும் செழிப்பானதுமான மரபு இது. ஆயின், இம்மரபில் ஊறிய மாணவர் ஒருவர் ரொக் பாடலொன்றை எடுத்து அதே வகையில் தொகுப்பாராயின், அவ்விசை வகையின் இரசிகர் அதனை ஏற்பது அரிது. தாமே எழுதி, தாமே வாசித்து, தாமே பாடுவோர் என்னும் நம்பிக்கையின் மீதே ரொக் இசை தன் பெருமையைக் கட்டியெழுப்பியது. கித்தார் தனிவாசிப்பு ஒலிக்கும்போது நரம்பில் ஓடும் விரல்கள் காட்டப்படாவிடின் அந்நம்பிக்கைக்கு ஊறு விளைகிறது. கைகள் காட்டப்பட்டு, அவை ஒலிக்கும் சுரத்தோடு பொருந்தாதிருப்பின் ஊறு இன்னும் பெரிது.

சொல்லையே உயிராகக் கொண்ட இசைவகைகளில் நிலைமை மீண்டும் மாறுகிறது. டி. ஏ. பென்னிபேக்கரின் 'டோன்ற் லுக் பக்' (1967) என்னும் ஆவணப்படத்தின் தொடக்கத்தில், இலண்டன் சவோய் ஹோட்டலின் பின்புறச் சந்தொன்றில் பொப் டிலன் நிற்கிறார். பாடல் ஒலிக்க ஒலிக்க, அதன் சொற்கள் சில எழுதப்பட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக நழுவவிடுகிறார். வாயசைப்பு இல்லை. வெட்டும் இல்லை, முழுப்பாடலும் ஒரே காட்சித்துண்டு. பாடலோ மிக விரைவானது. விரைந்த இசைக்கு விரைந்த வெட்டு என்னும் விதி இங்கு அடியோடு தகர்கிறது. உண்மையில் வெட்டின் பணியை அட்டைகளே செய்கின்றன. கையிலிருந்து நழுவும் ஒவ்வோர் அட்டையும் ஒரு வெட்டாகும். அவற்றுட் சில சொல்லுக்கு முந்தியும் சில பிந்தியும் விழுவதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம்.

இசைவகைக்கேற்ற தொகுப்பு என்பதற்கு மிகத் தெளிவான பாடமாகக் கொள்ளத்தக்கது 1975இல் குயீன் குழுவினரின் 'பொஹீமியன் றப்ஸொடி' பாடலுக்கு அமைந்த படம். ஏறத்தாழ ஆறு நிமிடம் நீளும் அப்பாடல் மூன்று இசைவகைகளைத் தன்னுள் அடக்கியது. மென்மையான கதைப்பாடலாகத் தொடங்கி, இடையில் ஒப்பேராவாக மாறி, பின்னர் கடும் ரொக்காக வெடித்து, ஈற்றில் மீண்டும் மென்மையில் அடங்குகிறது. பி.பி.சி. தொலைக்காட்சியின் பாடல் நிகழ்ச்சியில் தோன்றி இதற்கு வாயசைத்தல் எளிதன்று. குழுவினரோ இசைப்பயணம் புறப்பட வேண்டியிருந்தது. ஆகவே புரூஸ் கவர்ஸ் என்னும் நெறியாளர் சில மணித்தியாலங்களுக்குள் விடியோ நாடாவில் இதனைப் பதிவு செய்தார். மென்மையான பகுதியில் பாடகரின் முகமும் பியானோவும் ஆறுதலாகக் காட்டப்படுகின்றன. ஒப்பேராப் பகுதியில் இருளின் நடுவே நான்கு முகங்கள் மட்டும் தோன்றுகின்றன. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல்களை மேன்மேலும் அடுக்கி உருவாக்கப்பட்ட பகுதி அது. மேடையில் நால்வர் நின்று அதனைப் பாடிக்காட்டல் இயலாது. எனவே படமும் தான் செயற்கையானது என்பதை மறைக்கவில்லை. முகங்கள் பலவாகப் பெருகுகின்றன. ஒரு முகம் வரிசை வரிசையாகத் தேய்ந்து மறைகிறது. ரொக் பகுதி தொடங்கியதும் உடனே மேடை, ஒளி, வாத்தியங்கள், அசையும் உடல்கள் என நேரடி நிகழ்ச்சியின் தோற்றம் வந்துவிடுகிறது. ஒரே பாடலுள் மூன்று உடன்படிக்கைகள், மூன்று தொகுப்பு முறைகள். பாடல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 9 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ஒலித்தட்டு விற்பனைக்குப் படம் துணைசெய்யும் என்பதை வணிக உலகம் இதன்வழி நன்கு உணர்ந்துகொண்டது.

1981 ஓகஸ்ட் 1ஆந் திகதி அமெரிக்காவில் எம்.ரி.வி. ஒளிபரப்பைத் தொடங்கியதன் பொருளாதாரப் பின்னணியும் இதுவே. ஒலித்தட்டு நிறுவனங்கள் தம் செலவில் படங்களை ஆக்கி வழங்கின. ஒளிபரப்பாளர் அவற்றைக் கொண்டு இருபத்துநான்கு மணித்தியாலத்தையும் நிரப்பினர். விளம்பரத்தை விளம்பரமென்று கூறாது நிகழ்ச்சியாகவே காட்டும் ஏற்பாடு இது. பார்ப்போர் வேறு அலைவரிசைக்குத் திரும்பிவிடாதபடி பிடித்துவைக்க வேண்டியிருந்தமையால், வெட்டுகள் பெருகியதில் வியப்பில்லை. இவ்வேகத்தையே இசைக்காணொளியின் இயல்பென்று பலர் பிழைபட விளங்கிக்கொண்டனர். தொடக்கத்தில் இவ்வலைவரிசை வெள்ளையரின் ரொக் இசைக்கே முதன்மை தந்தது. கறுப்பினக் கலைஞரைப் புறக்கணிப்பதாக எழுந்த குற்றச்சாட்டை 1983இல் டேவிட் போவி நேர்காணலொன்றிலேயே எழுப்பினார். அதே ஆண்டில் மைக்கல் ஜாக்சனின் படங்கள் இவ்வரம்பை உடைத்தன. ஜோன் லாண்டிஸ் நெறிப்படுத்திய 'திரில்லர்' ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும் ஒரு குறும்படமாகவே அமைந்தது. அதன் கூட்டு நடனப் பகுதியில் ஆடுவோரின் முழு உருவமும் தெரியும் அகன்ற காட்சிகளுக்கே முக்கிய இடம் அளிக்கப்பட்டுள்ளது. அஸ்ரேயர் காலத்து உடன்படிக்கை ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் செல்லுபடியாயிற்று எனலாம்.

ஹிப் ஹொப் இசையின் வரலாறு தனியே ஆராயப்பட வேண்டியது. இங்கு ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். 1973 ஓகஸ்டில் நியூயோர்க்கின் புறொங்ஸ் பகுதியில் நடந்த விருந்தொன்றில் கூல் ஹேர்க் என்பவர் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஒரே பாடலின் இரண்டு தட்டுகளை இரு சுழல்மேசைகளில் வைத்து, தாளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாறி மாறி இயக்கி நீட்டும் முறை அவரோடு இணைத்துப் பேசப்படுகிறது. உண்மையில் இது படத்தொகுப்பாளரின் தொழில்தான்; வெட்டுதல் என்ற சொல்லே அங்கும் வழங்கிற்று. பிறர் பதிவுசெய்த துண்டுகளைக் கொண்டு புதியதைக் கட்டிய அவ்விளைஞரும் மொஸ்கோப் பள்ளி மாணவரும் ஓரளவு ஒரே நிலையில் நின்றவர்கள். 1986இல் றன்-டி.எம்.சி. குழுவும் ஏரோஸ்மித் என்னும் ரொக் குழுவும் இணைந்து வழங்கிய 'வோக் திஸ் வே' படம் இவ்விரு இசைவகைகளின் உறவைத் தொகுப்பினாலேயே பேசுகிறது. சுவரொன்றால் பிரிக்கப்பட்ட இரு அறைகளில் இரு குழுக்களும் வாசிக்கின்றன. அங்குமிங்குமாகப் படம் வெட்டிச் செல்கிறது. பின்னர் சுவர் உடைகிறது. ஈற்றில் இரு சாராரும் ஒரே மேடையில் நிற்கின்றனர். கிரிஃபித்தின் இணைத்தொகுப்பே இங்கு நிறப்பிரிவினையைப் பற்றிப் பேசும் கருவியாகிறது.

தொகுப்பு என்பது வெறும் தொழில்நுட்ப விடயமாயின் கலைஞர் அதற்காக நெறியாளரோடு முரண்படவேண்டியதில்லை. 1991இல் நிர்வாணா குழுவினரின் 'ஸ்மெல்ஸ் லைக் ரீன் ஸ்பிரிற்' பாடலுக்குச் சாமுவேல் பேயர் படம் எடுத்தார். பாடசாலை விளையாட்டரங்கம் போன்ற களம், புகை, இருக்கைகளில் அமர்ந்திருக்கும் இளைஞர் ஈற்றில் எழுந்து குழுவினரைச் சூழ்ந்துகொள்கின்றனர். தொகுத்து முடிந்த வடிவம் கேர்ட் கொபேனுக்குப் பிடிக்கவில்லை. அவரே தொகுப்பு அறைக்குச் சென்று அதனை மாற்றினார். அதுவரை மங்கலாகவும் மறைவாகவும் தெரிந்த தமது முகத்தை இறுதிப் பகுதியில் மிக அருகில் காட்டும் துண்டினைச் சேர்ப்பித்தார். பொப் இசைப் படமாயின் பாடகரின் அழகிய முகம் முதல் வரியிலேயே வந்திருக்கும். இங்கோ, பாடல் முழுவதும் மறுக்கப்பட்ட முகம், அலறலின் உச்சத்தில், உருக்குலைந்த நிலையிலே தரப்படுகின்றது. விற்பனைப் பண்டமாகும் அச்சத்தைத் தன் அடிநாதமாகக் கொண்ட இசைவகைக்கு அத்துண்டின் இடம் எவ்வளவு முக்கியமானது என்பதைக் கொபேன் அறிந்திருந்தார். முரண் யாதெனில், அப்படமே எம்.ரி.வி.யில் ஓயாது ஓடி அக்குழுவினரை உலகெங்கும் விற்றது.

இதற்கு முந்திய ஆண்டில் ஜோன் மேபரி நெறிப்படுத்திய 'நதிங் கொம்பேர்ஸ் ரு யூ' வேறொரு துணிவைக் காட்டுகிறது. பரிஸ் நகரப் பூங்காவொன்றில் ஷினேட் ஓ'கொனர் நடந்துசெல்லும் காட்சிகள் படமாக்கப்பட்டிருந்தன. எனினும், பாடகியின் முகத்தை அருகிலிருந்து எடுத்த துண்டின் ஆற்றலைக் கண்டபின் அதுவே படத்தின் பெரும்பகுதியாயிற்று. கன்னத்தில் வழியும் கண்ணீர் முன்கூட்டித் திட்டமிடப்பட்டதன்று. பிரிவுத் துயரைப் பாடும் பாடலைக் கேட்போருக்கு 'இவர் உணர்ந்து பாடுகிறாரா' என்பதே வினா. வெட்டியிருந்தால் விடை அழிந்திருக்கும்.

கருவிகளின் வரலாற்றையும் சுருக்கமாகவேனும் நோக்காமல் இப்பொருள் நிறைவுறாது. விடியோ நாடாவில் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரதிசெய்து தொகுத்த காலத்தில், தொடக்கத்திலுள்ள ஒரு துண்டின் நீளத்தை மாற்றினால் அதற்குப் பின்னுள்ள அனைத்தையும் மீளச் செய்யவேண்டும். ஒவ்வொரு வெட்டும் சிந்தித்தே இடப்பட்டது. 1989இல் அவிட் நிறுவனத்தின் கணினித் தொகுப்பு முறை அறிமுகமான பின்னர் எந்தத் துண்டையும் எவ்வேளையிலும் நகர்த்தலாம் என்றாயிற்று. இன்று சில மென்பொருள்கள் பாடலின் தாள அடிகளைத் தாமே கண்டறிந்து, அவ்வடிகளிலெல்லாம் தாமே வெட்டிக் கொடுத்துவிடுகின்றன. ஐசன்ஸ்ரைன் தாழ்ந்த படியில் வைத்த அளவுத் தொகுப்பு இவ்வாறு மிக எளிதாகக் கிடைக்கும் முறையாகிவிட்டது. இதில் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. நிமிடத்துக்கு 120 அடிகள் கொண்ட பாடலில் ஓர் அடிக்கு அரைச் செக்கன். செக்கனுக்கு 25 சட்டங்கள் ஓடும் படத்தில் அது பன்னிரண்டரைச் சட்டங்களாகும். அரைச் சட்டத்தில் எவராலும் வெட்ட முடியாது. ஆகவே முற்றிலும் சமமான வெட்டு என்று ஒன்று அங்கு இல்லை; அடுத்தடுத்த வெட்டுகளில் ஒன்றேனும் இம்மியளவு அதீதமாகவோ அநாகதமாகவோ அமைந்தே தீரும். அனுபவமுள்ள தொகுப்பாளர் பலர் வேண்டுமென்றே ஓரிரு சட்டம் முன்னதாக வெட்டுவர். புதிய காட்சியைக் கண் பற்றிக்கொண்ட வேளையில் அடி வந்து விழும். வோல்ரர் மேர்ச் என்னும் புகழ்பெற்ற தொகுப்பாளர் தமது நூலில் (1995) நல்ல வெட்டுக்கான ஆறு அளவுகோல்களுக்கு நிறை வகுத்துள்ளார்: உணர்ச்சிக்கு நூற்றுக்கு 51, கதைக்கு 23, லயத்துக்கு 10, எஞ்சியவை பிறவற்றுக்கு. அவர் பேசியது கதைப்படங்களைப் பற்றியே. இசைக்காணொளியில் லயத்தின் பங்கு கூடுதலாக இருக்கலாம். எனினும், உணர்ச்சியின் இடத்தை லயம் முழுவதுமாகக் கைப்பற்றும் என்று கொள்வதற்கு மேற்காட்டிய படங்கள் இடந்தரவில்லை.

எந்திர ஒலிகளால் கட்டப்பட்ட நடன இசையில் வாசிக்கும் கையும் இல்லை, பல வேளைகளில் பாடும் முகமும் இல்லை. அங்கு எதைக் காட்டுவது? மிஷெல் கொன்ட்ரி இதற்குக் கண்ட விடைகள் சுவையானவை. டாஃப்ற் பங்க் குழுவினரின் 'அரவுண்ட் த வேள்ட்' (1997) படத்தில் ஒவ்வொரு வாத்திய ஒலிக்கும் ஓர் ஆடற்குழுவை ஒதுக்கினார். கெமிக்கல் பிரதர்ஸின் 'ஸ்ரார் கித்தார்' (2002) படத்தில் ஓடும் புகையிரதத்தின் யன்னலுக்கு வெளியே கடந்துசெல்லும் கம்பங்களும் கட்டடங்களும் பாலங்களும் ஒவ்வொரு தாள ஒலிக்கும் ஒவ்வொன்றாக வந்து மறைகின்றன. பார்ப்பவர் கண்ணுக்கு வெட்டே இல்லாத ஒரே பயணம் அது. தாளம் முழுவதும் சட்டத்தினுள்ளேயே வைக்கப்பட்டுள்ளது.

நமது நாட்டில் இக்கலைக்குப் பின்னணி வேறு. தொலைக்காட்சி 1979இல்தான் இங்கு வந்தது. ரூபவாஹினி 1982இல் தொடங்கிற்று. அதற்கு முன்னரே செழித்த தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் வானொலியிலும் இசைத்தட்டிலும் மேடையிலும் வாழ்ந்தவை. படமின்றிப் பிறந்தமையால் அவற்றுக்கெனத் தொகுப்பு மரபொன்றும் பிறக்கவில்லை. அவற்றுட் பல பைலாவின் ஆறு சிற்றடித் தாளத்தைத் தழுவியவை. மும்மூன்று சிற்றடிகளாகப் பிரிந்து இரண்டு பேரடிகளாக நடக்கும் தாளம் அது. இத்தகைய பாடலொன்றை இன்று எடுத்துக்கொள்ளும் மாணவர்க்கு, ரொக் இசையின் விரல்களோ சினிமாவின் மலைச்சாரலோ அதிகம் உதவா. சுற்றுலாப் பேருந்திலும் கலியாண வீட்டிலும் அப்பாடல்களைக் கேட்டவர்கள் பாடுபவர் யாரென்று பார்ப்பதில்லை. அடுத்த அடியில் தாமும் சேர்ந்துகொள்ளலாமா என்றே பார்க்கின்றனர். ஆகவே ஒருவர் முகத்தைவிடக் கைதட்டும் வட்டமே அங்கு முதன்மை பெறும். இருக்கையின் முதுகில் தட்டும் கை, பின்வரிசையிலிருந்து எழும் தலை, வாசற்படியில் நிற்பவரின் குரல் ஆகியவற்றுக்கிடையே வெட்டு நடமாடவேண்டும். தனிக்குரல் ஒரு வரியைப் பாடி முடிக்க, கூட்டம் அதனை வாங்கித் திருப்பிப் பாடும் இடமொன்று இப்பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும். அவ்விடத்தில் தனிப்பாடகர் வாய் மூடுமுன்னரே கூட்டத்துக்கு வெட்டினால் அவர்கள் காத்திருந்தவர்களாகத் தெரிவர். வாய் மூடிச் சில சட்டங்கள் கழிந்தபின் வெட்டினால் திடீரென விழித்தெழுந்தவர்களாகத் தெரிவர். ஒவ்வொரு வரிக்கும் அதீதமா அநாகதமா என்பதைத் தொகுப்பு மேசையில் இருந்து கேட்டுக் கேட்டே துணியவேண்டியுள்ளது.